மங்கரை தந்த சங்கரன் நாயர்

பாலக்காட்டுச் சந்திப்பிலிருந்து ஷொரணூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பறளியை அடுத்து மங்கரை என்னும் சிறு நிலையம் ஒன்று உளது. விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கு நிற்பதில்லை. நம் கோவிந்தாபுரத்தாரும் முதலமடையாரும் கோழிக்கோட்டுக்கும் ஷொரணூருக்கும் செல்லுங்கால் அந்நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். எனினும் அவ்வூரிற் பிறந்த ஒருவர் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கினார் என்பதையும், வைசிராயின் நிர்வாக சபையில் அமர்ந்திருந்து அதனை உதறி எழுந்தார் என்பதையும், இலண்டன் நீதிமன்றத்தில் ஓர் ஆங்கில ஆளுநரோடு வழக்காடினார் என்பதையும் அறிந்தவர் நம்மிற் சிலரே. அவரே சர் சேற்றூர் சங்கரன் நாயர். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மலையாளப் பெரியார் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நாம் பிழைக்க வந்த மண்ணின் மைந்தரை அறிவது நம் கடன் என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. அது தமிழரை நேரே தொடுவது. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

சங்கரன் நாயர் 1857ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் பிறந்தார். வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. தந்தையார் மம்மாயில் இராமுண்ணிப் பணிக்கர் ஆங்கில அரசில் தாசில்தார். தாயார் சேற்றூர்க் குடும்பத்துப் பார்வதியம்மை. தாய்வழி மரபாதலின் தாயின் குடிப்பெயரே மகனுக்கு அமைந்தது. அவர் ஐந்து வயதுச் சிறுவராயிருந்தபோது, 1862இல், சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்கும் இரயில்பாதை இப்பகுதி வழியே நிறைவெய்தியது. அந்நாளில் மலையாள மாவட்டத்துப் பிள்ளையொருவன் சென்னை சென்று கல்வி பயில்வதென்பது இப்பாதையாலேயே எளிதாயிற்று. இரயில்வேயில் எழுத்தனாக இருப்பவன் இதனைச் சற்றுப் பெருமையோடு கூறினால் அன்பர்கள் பொறுத்தருள்க.

அங்காடிப்புறம், கண்ணனூர், கோழிக்கோடு ஆகிய ஊர்களில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் 1877இல் பட்டம் பெற்றார். 1879இல் சட்டத் தேர்வு தேறி, அடுத்த ஆண்டே சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்துகொண்டார். பின்னாளில் நீதிபதியாக உயர்ந்த ஹொரேஷியோ ஷெப்பர்டு என்பவரிடமே தொழில் பயின்றார்.

அக்காலத்து வழக்கறிஞர் உலகில் இரு சாதிகள் இருந்தன என்றே கூறலாம். சீமை சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்தவர் ஒரு சாரார். அவருட் பெரும்பாலோர் ஆங்கிலேயர். இந்நாட்டிலேயே சட்டம் பயின்ற வக்கீல்கள் மற்றொரு சாரார். இந்திய வக்கீல் எவரும் ஆங்கில பாரிஸ்டரின் கீழ் இளையராகப் பணியாற்றலாகாது என்று சென்னை வக்கீல்கள் கூடித் தீர்மானித்தனர். தன்மானம் கருதிய தீர்மானந்தான். ஆயினும் இளைஞராகிய சங்கரன் நாயர் அதனை எதிர்த்தார். தம் கட்சிக்காரருக்கு எவர் தக்கவரோ அவரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை எந்தக் கூட்டமும் பறிக்க இயலாது என்பது அவர் வாதம். விளைவு, சக வக்கீல்கள் அவரை விலக்கி வைத்தனர். அவர் அசையவில்லை. அவர் வாழ்வு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இந்நிகழ்ச்சியிலேயே இருக்கின்றது என்பது என் கருத்து. ஆங்கிலேயரை எதிர்க்க அஞ்சாதவர் பலர் இருந்தனர். தம்மவரை எதிர்க்க அஞ்சாதவர் சிலரே. இவர் இரண்டையும் செய்தார். அதனால் இரு பக்கத்தாரும் அவரை முழுமையாகத் தமராகக் கொள்ளவில்லை.

1890இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராயிருந்து அவர் கொணர்ந்த மசோதா ஒன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மலையாள நாட்டில் மருமக்கள்தாயம் என்னும் வழக்கம் நிலவியதை நாம் அறிவோம். குடும்பச் சொத்து தாய்வழியே செல்லும். தறவாட்டின் மூத்த ஆண்மகனாகிய காரணவர் அதனை ஆளுவார். தந்தையின் பொருளில் பெற்ற மக்களுக்கு உரிமை இல்லை. அதனினும் பெரிய குறை, சம்பந்தம் எனப்பட்ட மணவுறவை ஆங்கிலேயரின் நீதிமன்றங்கள் சட்டப்படியான திருமணமாகவே ஏற்கவில்லை என்பதாகும். கணவனும் மனைவியும் முப்பது ஆண்டு இணைந்து வாழ்ந்திருப்பினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அயலார். இக்குறையை நீக்கவே சங்கரன் நாயர் முயன்றார். அரசு உடனே இசையாமல் 1891இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் தஞ்சைத் தரணியிற் பிறந்து, தெருவிளக்கில் பயின்று உயர்ந்தவர் என்று பள்ளிப் பாடங்களில் நாம் படித்த சர் டி. முத்துசாமி ஐயர். முடிவில் 1896இல் மலபார் திருமணச் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தால் விளைந்த பயன் சிறிதே. விரும்பியோர் தம் மணவுறவைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம்; ஆனால் பதிவு செய்ய முன்வந்தோர் மிகச் சிலர். காரணவர்களின் சினத்துக்கு அஞ்சினரோ, பழகிய வழக்கத்தை விட மனமில்லையோ, சட்டம் ஏட்டளவில் நின்றது. எனினும் விதை விழுந்துவிட்டது. இதே துன்பம் தமிழ்ப் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் இருந்தமையைக் கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ படித்தோர் அறிவர். திருவிதாங்கூரில் அவர்களுக்கென 1926இல் தனிச் சட்டம் பிறந்தது. மலபாரில் விரிந்த சட்டம் நடைமுறைக்கு வர 1933 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போது சங்கரன் நாயருக்கு வயது எழுபத்தாறு. கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையே சட்டத்தால் ஒழிந்தது 1976இல்.

1897இல் அமராவதியிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் தலைமை தாங்கினார். அப்போது அவருக்கு நாற்பது வயது. கேரள மண்ணிலிருந்து அத்தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. அவ்வாண்டு எளிய ஆண்டன்று. பம்பாய் மாகாணத்தில் கொள்ளைநோய். நாட்டின் பல பகுதிகளில் பஞ்சம். திலகர் இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்தார். அந்நிலையில் தலைவர் உரை மன்றாட்டாக மட்டும் அமையவில்லை. அந்நிய ஆட்சியாளரின் அத்துமீறலை எடுத்துரைத்து, இந்தியர்க்குத் தன்னாட்சி வேண்டும் என்று கேட்டது. இன்று அது மிதமான கோரிக்கையாகத் தோன்றலாம். உயர்நீதிமன்றத்தில் தொழில் நடத்தி அரசின் ஆதரவாலும் உயரக்கூடிய ஒருவர் 1897இல் அவ்வாறு பேசியதை அக்காலத்து அளவுகோலால் அளத்தலே முறை.

அரசு அவரைத் தண்டிக்கவில்லை, பதவிகளை அளித்தது. அரசாங்க வழக்கறிஞர், அட்வகேட் ஜெனரல் என உயர்ந்து, 1908 முதல் 1915 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். 1912இல் ‘சர்’ பட்டமும் வந்தது. இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டு வரலாறு குறுக்கிடுகின்றது. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் நின்ற இரயில் வண்டியில் நெல்லைக் கலெக்டர் ஆஷ், செங்கோட்டை வாஞ்சிநாதனாற் சுடப்பட்டு மாண்டார். வாஞ்சியும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு உயிர் நீத்தான். அதனையொட்டி நீலகண்ட பிரம்மசாரி முதலிய பதினால்வர் மீது நடந்த சதி வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளுள் ஒருவர் சங்கரன் நாயர். மற்றைய இருவரும் ஆங்கிலேயர். அவர்களோடு முழுவதும் உடன்படாது இவர் தனித் தீர்ப்பு எழுதினார். அரச விசுவாசம் இன்னதென்று எண்ணற்குரிய அச்சமிகு நேரத்தில், சாட்சியங்களைத் தாமே துருவி ஆய்ந்து தம் முடிவைத் தனியே எழுதியமை சிறு செயலன்று.

1915இல் வைசிராயின் நிர்வாக சபையில் கல்வித் துறை உறுப்பினரானார். அக்காலத்தில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அதுவே. அவர் காலத்திலேயே, 1917இல், மைக்கேல் சாட்லரின் தலைமையில் கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழு அமைந்தது. இந்திய மந்திரி மாண்டேகு இங்கு வந்து இவரைச் சந்தித்தபின், உரத்த குரலில் வாதிடுபவர், பிறர் கூற்றுக்குச் செவி கொடாதவர், விட்டுக்கொடாதவர் என்ற பொருள்படத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதே மாண்டேகுவின் சீர்திருத்தத் திட்டத்தை மற்ற உறுப்பினர்கள் குறைக்க முயன்றபோது, இந்தியர் பக்கம் நின்று 1919இல் இரு நீண்ட மறுப்புக் குறிப்புகளை எழுதி, அத்திட்டத்துக்கு வலிவு தேடித் தந்தவரும் இதே சங்கரன் நாயர்தாம். குரல் உரத்ததாயிருந்தது உண்மையாகலாம். அது எவர்க்காக உரத்தது என்பதன்றோ காணத்தக்கது!

அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் என்னும் திடலில் கூடியிருந்த மக்கள் மீது ஜெனரல் டையர் 1,650 குண்டுகளைச் சுடச் செய்தார். அரசின் கணக்குப்படியே மாண்டோர் 379 பேர். பஞ்சாபில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. செய்தித்தாள்களின் வாய் கட்டப்பட்டது. தெருவில் மக்கள் வயிற்றால் ஊர்ந்து செல்லும்படி ஆணையிடப்பட்டதும் அப்போதே. செய்திகள் சிறிது சிறிதாகக் கசிந்து வந்தன. அவற்றை அறிந்த சங்கரன் நாயர், இவ்வாட்சியில் இனி எனக்கு இடமில்லை என்று பதவியைத் துறந்தார். நிர்வாக சபையில் அப்போதிருந்த ஒரே இந்தியர் அவர்.

பதவி விலகும்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி பெரிதும் வழங்குகின்றது. உமக்குப் பின் யாரை நியமிக்கலாம் என்று வைசிராய் செம்ஸ்போர்டு வினவினாராம். இவர் வாயிலில் சீருடையோடு நின்ற சேவகனைச் சுட்டி, “இவன் உயரமானவன், அழகன், சீருடை நன்கு பொருந்துகிறது, நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஆமென்பான்” என்னும் கருத்துப்பட விடையிறுத்தாராம். வைசிராயின் முகத்துக்கு நேரே இங்ஙனம் கூறும் துணிவு வியத்தற்குரியதே. ஆயினும் கடைநிலை ஊழியரோடு நாள்தோறும் பணியாற்றும் எனக்கு, அந்தச் சேவகர் அச்சொல்லைக் கேட்டு என்ன எண்ணியிருப்பார் என்று தோன்றாமற் போவதில்லை. ஆமென்று சொல்வது அவருக்குக் குணமன்று, சோறு. பெரிய பதவியில் இருப்பார்க்கே இல்லையென்று சொல்லும் வசதி உண்டு. அவ்வசதி இருந்தும் அதனைப் பயன்படுத்தியவர் அக்காலத்தில் எத்தனை பேர் என்பதே சங்கரன் நாயரின் பெருமை.

அவர் விலகியதன் அதிர்ச்சி வீண்போகவில்லை. பத்திரிகைத் தணிக்கையும் இராணுவச் சட்டமும் விலக்கப்பட்டன. பின்னர் ஹண்டர் குழு விசாரணைக்கு அமர்ந்தது. இரவீந்திரநாத தாகூர் தம் பட்டத்தைத் துறந்ததும் இதே பஞ்சாபுக் கொடுமையை எதிர்த்தே.

இனி அவர் வாழ்வின் வியத்தகு முரண் வருகின்றது. 1922இல் ‘காந்தியும் அராஜகமும்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். ஒத்துழையாமை இயக்கம் நாட்டை ஒழுங்கின்மைக்கு இட்டுச் செல்லும் என்பது அதன் வாதம். சட்டத்தின் வழியே உரிமை பெறலாம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பிய வக்கீல், சட்டத்தை மீறுவோம் என்ற மகாத்மாவை ஏற்க இயலாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் அவர் கணிப்புத் தவறியது என்பதே என் துணிபு. கோடிக்கணக்கான ஏழை மக்களுக்கு நீதிமன்றப் படி ஏறும் வழி இருந்ததில்லை. காந்தியடிகள் காட்டிய வழியில் அவர்கள் நடந்து செல்ல முடிந்தது. கற்றோர் கண்ணுக்கு அது புலப்படவில்லை. காங்கிரஸ் அன்பர்கள் அவர் மீது கொண்ட மனத்தாங்கல் அன்று தொடங்கியதே.

அந்நூலிலேயே பஞ்சாபுக் கொடுமைக்கு அம்மாகாணத்தின் துணைநிலை ஆளுநராயிருந்த சர் மைக்கேல் ஓட்வையரையும் பொறுப்பாளியாக்கி எழுதியிருந்தார். ஓட்வையர் வேறு, டையர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்வோர் இன்றும் உளர். சுட்டவர் டையர், ஆண்டவர் ஓட்வையர். ஓட்வையர் இலண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். காந்தியடிகளைக் கண்டித்து எழுதிய நூலுக்காக ஒருவர் ஆங்கிலேயரின் நீதிமன்றத்தில் குற்றவாளி போல் நிற்க நேர்ந்தது வரலாற்றின் விளையாட்டே.

1924 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய விசாரணை ஐந்து வாரம் நீடித்தது. நீதிபதி மெக்கார்டி, பன்னிரு ஆங்கில ஜூரர். சங்கரன் நாயர் பக்கம் வாதாடியவர் சென்னையில் முன்னர்த் தலைமை நீதிபதியாயிருந்த சர் வால்ட்டர் ஷ்வாப். பஞ்சாபில் நடந்தவை யாவும் முதன்முறையாக ஓர் ஆங்கில நீதிமன்றத்தில் சாட்சியங்களாக விரிந்தன. நீதிபதியோ, ஜூரருக்கு உரைக்கும்போது, டையர் செய்தது சரியென்றும் அவரைத் தண்டித்தது தவறென்றும் தம் கருத்தை வெளிப்படையாகவே கூறினார். பார்லிமெண்டில் கூட அதுபற்றிக் கண்டனம் எழுந்தது. பதினொருவர் ஓட்வையர் பக்கமும் ஒருவர் சங்கரன் நாயர் பக்கமும் நின்றனர். ஜூரரிடையே ஒருமித்த கருத்தில்லையாயினும் இரு தரப்பும் பெரும்பான்மை முடிவை ஏற்க இசைந்ததால் தீர்ப்பு ஓட்வையருக்குச் சார்பாயிற்று. ஐந்நூறு பவுன் நட்டஈடு. செலவுத் தொகை ஏறத்தாழ ஏழாயிரம் பவுன். மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடுகிறேன் என்றார் ஓட்வையர். சங்கரன் நாயர் கேட்கவில்லை, பணத்தைச் செலுத்தினார். அந்நாளில் அது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைக்கக்கூடிய தொகை. அவர் தோற்ற வழக்கு அது. எனினும் பஞ்சாபின் கதை நாடோறும் இலண்டன் செய்தித்தாள்களில் அச்சாயிற்று.

இவ்வழக்கை வைத்து 2025இல் ‘கேசரி: இரண்டாம் அத்தியாயம்’ என்னும் இந்தித் திரைப்படம் வந்தது. அதனைக் கண்ட இளைஞர்கள் சங்கரன் நாயர் இந்தியாவில் ஆங்கில அரசின் மீது வழக்குத் தொடுத்தார் என்று எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வழக்கு நடந்தது இலண்டனில். அவர் வாதியல்லர், பிரதிவாதி. படம் எடுப்போர்க்கு வெற்றி வேண்டும். அவர் தோல்வியே படத்தின் வெற்றியினும் அழகியது என்பது என் எண்ணம்.

தமிழரை நேரே தொடும் செய்தி என்று முன்பு குறித்தேனே, அது இதுவே. 1925 முதல் அவர் டில்லியில் இராஜ்ய சபையில் (அக்காலத்து மேலவையில்) உறுப்பினராயிருந்தார். 1926இல் அச்சபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். சென்னை மாகாணத்தின் பத்துத் தமிழ் மாவட்டங்களை ஒரு தனி மாகாணமாக்கி, அதற்கு முழுத் தன்னாட்சி அளித்தல் வேண்டும் என்பது அத்தீர்மானம். மொழிவழி மாநிலம் என்னும் எண்ணம் பலருக்கு ஏட்டளவிற்கூட இல்லாத காலம். அதனைத் தமிழர் ஒருவர் கொணரவில்லை. மங்கரையிற் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஒரு மலையாளி கொணர்ந்தார். தீர்மானம் நிறைவேறவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்து, 1956 நவம்பர் முதல் நாள், மொழிவழி எல்லைகள் வகுக்கப்பட்டன. மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தோடு இணைந்தது. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மாநில எல்லை தோன்றியதும், நம்மில் பலர் எல்லையின் இப்பால் மலையாளம் படித்துத் தமிழ் பேசும் மக்களானதும் அதன் பின்னரே. அவர் காலத்தில் இவ்விரு ஊர்களும் ஒரே மாகாணத்து இரு மாவட்டங்கள். எல்லை வகுத்த காலத்தில் இப்பாற் பட்ட தமிழரின் கல்வியையும் உரிமையையும் பற்றி அவர் இருந்திருப்பின் என்ன கூறியிருப்பார் என நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. உரத்த குரலில் ஏதேனும் கூறியிருப்பார் என்பது மட்டும் உறுதி.

1928இல் சைமன் குழுவை நாடே கருங்கொடி காட்டி எதிர்த்தபோது, அதனோடு இணைந்து பணியாற்ற அமைந்த இந்திய மத்தியக் குழுவின் தலைமையை அவர் ஏற்றார். லாகூரில் தடியடி பட்ட லஜபதிராய் அவ்வாண்டு நவம்பரில் உயிர் நீத்தார். அத்தகைய ஆண்டில் அத்தலைமையை ஏற்றது அவர் பெயருக்கு நீங்காத மாசாயிற்று. குழுவுக்குள்ளிருந்தே தன்னாட்சி கேட்கலாம் என்று அவர் கருதினார் என்று கூறிச் சிலர் அமைதி காண்பர். எனக்கு அவ்வமைதி முழுவதும் இசையவில்லை. பஞ்சாபுக்காகப் பதவியை உதறியவர் லாகூருக்காகவும் உதறியிருக்கலாம். அவர்க்கு ஊர்தோறும் சிலை எழாமைக்கும், விடுதலைப் போர் வரலாறுகளில் ஓரிரு வரியோடு அவர் கதை முடிவதற்கும் காரணம் இதுவே. ஆயினும் 1919ஆம் ஆண்டின் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு 1928ஆம் ஆண்டின் பக்கத்தை மட்டும் படிப்பது நீதியாகாது.

1934 ஏப்ரல் 24ஆம் நாள் அவர் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து, 1940 மார்ச்சு 13ஆம் நாள், இலண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம்சிங் என்னும் பஞ்சாபு இளைஞன் ஓட்வையரைச் சுட்டுக் கொன்றான். நீதிமன்றத்தில் வென்றவருக்கு நேர்ந்த முடிவு அது.

சங்கரன் நாயரின் மகளிர் வழியே புகழ் பெற்றோர் பலர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலராயிருந்த கே.பி.எஸ். மேனன் அவருடைய மகளை மணந்தவர். மாமனாரின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1967இல் வெளியிட்டார். 1961 டிசம்பரில் போர்த்துகேசியரிடமிருந்து கோவாவை மீட்ட படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கண்டேத் அவருடைய மகள் வயிற்றுப் பேரர், ஒற்றப்பாலத்திற் பிறந்தவர். மங்கரைக்கு மேற்கே சில நிலையங்கள் தள்ளியுள்ள ஊர்தான் அது.